இறங்கும்போதுதான் வலிக்கும்

எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காலையில் பால் பாக்கெட் வாங்கக் கீழே இறங்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்துக்குள் வலது முட்டி சொல்லிவிடும், இன்றைக்கு ஓடலாமா வேண்டாமா என்று. ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான், முட்டிச் சில்லுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி. நாலு வருஷத்தில் இது ஐந்தாவது தடவை.

நான் பெரிய ஓட்டக்காரன் எல்லாம் இல்லை. வயது 43, பம்ப்செட் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் கோவை ரேஸ் கோர்ஸில் ஓட்டம், ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர், மனசு இருந்தால் மூன்று சுற்று. ஞாயிற்றுக்கிழமை சிறுவாணி ரோட்டில் சைக்கிள், பேரூர் தாண்டி ஆலாந்துறை வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவது. எனக்குப் பரிசு வேண்டாம், பதக்கம் வேண்டாம், வாரத்தில் இந்த நாலு காலைப் பொழுதும் கையில் இருந்தால் போதும். அதைத்தான் இந்த முட்டி பிடுங்கிக்கொள்கிறது.

வலி வந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே நாடகம்தான். ஓட்டத்தை நிறுத்து, ஐஸ் வை, ஸ்ப்ரே அடி, முட்டிக்கு 'நீ-கேப்' உறை போடு, அப்புறம் "ஓடறதுதான் முட்டிக்கு ஆகாது, சைக்கிள்னா ஒண்ணும் பண்ணாது" என்று எல்லாரும் சொல்வதைக் கேட்டு முழுசாகச் சைக்கிளுக்கு மாறிவிடு. மூன்று வாரத்தில் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், ஷூவை மாட்டிக்கொண்டு ஓடப் போவேன், நாலாவது நாள் மறுபடியும் பழைய இடத்தில் பழைய கட்டைவிரல். இரண்டாவது தடவை பயந்துபோய் ஸ்கேன் எடுத்தேன். ரிப்போர்ட்டில் 'லேசான தேய்மானம்' என்று இருந்தது. அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு மாசம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருந்தேன். 40 தாண்டியவர்களை ஸ்கேனில் படுக்கவைத்தால், வலியே இல்லாத நிறையப் பேருக்கும் இப்படி ஏதாவது ஒன்று தெரியத்தான் செய்யும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

போன வருஷம்தான் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன், சின்னப் பெண். ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மரப்படி மேல் ஏறி நிற்கச் சொன்னார். "ஒத்தைக் கால்ல நின்னு, இன்னொரு காலை மெதுவா கீழ வைங்ணா." செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினார். கால் மடங்க மடங்க என் வலது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து, கால் கட்டைவிரலைத் தாண்டி இடது காலைப் பார்த்துப் போகிறது. இடுப்பு ஒரு பக்கம் இறங்குகிறது. "முட்டி பாவங்ணா, மேல இடுப்பு சும்மா இருக்குது, அதோட வேலையையும் இதுதான் பார்க்குது" என்றார்.

விஷயம் இதுதான். முட்டிச் சில்லு தொடை எலும்பின் நுனியில் இருக்கிற ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் சறுக்குகிறது. நின்ற நிலையில் முட்டி மடங்க மடங்க, சில்லை அந்தப் பள்ளத்தில் வைத்து அழுத்துகிற பாரம் கூடும். அதனால்தான் படி இறங்கும்போது வலி, குந்தி எழும்போது வலி, மதுரைக்குப் பஸ்ஸில் முட்டியை மடக்கியபடி ஆறு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் வலி. குலதெய்வக் கோயில் கிடா விருந்தில் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் மச்சான் கையைப் பிடித்த கதையை இங்கே விரிவாகச் சொல்வதாக இல்லை.

சரி, இடுப்புக்குப் பயிற்சி ஆரம்பித்தேன். ஓரளவு தேறியது, ஆனால் திங்கட்கிழமை ஆனால் மட்டும் வலி கூடியது. ஓடாத நாளுக்கு அடுத்த நாள்! அந்தப் பெண்ணிடம் சொன்னதும் முதல் கேள்வி, "சைக்கிள்ல சீட்டு உயரம் சரியா வெச்சிருக்கீங்களாங்ணா?" எனக்குத் தெரியவில்லை. வால்பாறைப் பயணத்துக்காகக் காரில் ஏற்ற, சீட்டைத் தாங்குகிற கம்பியை, அதாவது சீட் போஸ்ட்டை, இறக்கியதும், வந்தபின் கண் மதிப்பில் ஏற்றியதும்தான் ஞாபகம்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோனேன். அந்த இடத்தில் கால் நேராக வேண்டும். என் கால் நன்றாக மடங்கியே இருந்தது. அப்படியென்றால் பெடல் மேலே வரும்போது எவ்வளவு மடங்கியிருக்கும்! சீட் தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், ரொம்ப உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுக்கும் என்று சைக்கிள்காரர்கள் சொல்வார்கள், நான் அசல் முன்பக்கக் கேஸ். இரண்டு சென்டிமீட்டர் ஏற்றி, அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். அடுத்த ஞாயிறு ஆலாந்துறை போய் வந்து பார்த்தால் டேப்பின் கீழ் விளிம்பு சுருண்டு மேலே ஏறி நிற்கிறது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய கிளாம்ப் பிடிக்காமல் சீட் போஸ்ட் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியிருக்கிறது. எத்தனை மாசமாகவோ. ஓட்டத்தால் வந்த வலிக்கு ஓய்வு என்று நினைத்து எந்தச் சைக்கிளில் ஏறினேனோ, அதுதான் அந்த வலிக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறது. 200 ரூபாய்க்குள் புதுக் கிளாம்ப் மாட்டினேன். ஸ்கேனுக்குக் கொடுத்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

கனமான கியரில் நசுக்கி நசுக்கி மிதிக்கிற பழக்கத்தையும் விட்டேன், இப்போது பெடல் நிமிஷத்துக்கு 80 சுற்றுக்குக் குறையாமல். ஓட்டத்தில் இதற்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு விஷயம் உண்டு: வேகத்தை மாற்றாமல் காலடிகளின் எண்ணிக்கையை மட்டும் 5 முதல் 10 சதவீதம் கூட்டினால், எடுத்து வைக்கிற ஒவ்வொரு எட்டும் சின்னதாகி முட்டியில் விழுகிற பாரம் குறைகிறது. எனக்கு நிமிஷத்துக்கு 156 இருந்தது, காதில் டிக் டிக் ஒலியை வைத்து 166-க்குக் கொண்டுவந்தேன். முதல் வாரம் கோழி ஓடுகிற மாதிரி இருந்தது.

அத்தை பார்க்கும்போதெல்லாம் "ஓடி ஓடி முட்டி தேஞ்சு போயிரும் சாமி" என்பார். 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரையில், என் மாதிரி பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்வு 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். ஓடினால் வரவே வராது என்று இதற்கு அர்த்தமில்லை, போட்டி மட்டத்தில் ஓடுகிறவர்களுக்கு 13.3. அத்தையிடம் முதல் இரண்டு எண்களை மட்டும் சொன்னேன்.

அப்படியென்றால் ஐந்தாவது தடவை ஏன் வந்தது? வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. வலி போன மறுவாரமே பயிற்சியை விட்டுவிட்டேன். பக்கவாட்டில் படுத்து காலைத் தூக்கி இறக்குவதைப்போலச் சலிப்பான வேலை உலகத்தில் கிடையாது, அதுவும் வலி இல்லாதபோது. அப்புறம் மழை விட்டு நல்ல குளிர் அடித்த ஒரு வாரம், 15 கிலோமீட்டரிலிருந்து நேரே 30-க்குத் தாவினேன்.

இந்த முறை முழுசாக நிறுத்தவில்லை. வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் ஓடலாம், தாண்டினால் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கணக்கு. முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று கால் மடங்கி விழவைத்தாலோ இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, நேரே டாக்டர்தான்.

இன்று ஐந்து கிலோமீட்டர், இரண்டு வலி. அம்மா வாரம் இரண்டு நாள் முடக்கத்தான் தோசை சுட்டுப் போடுகிறார், குணமானால் அது அவர் கணக்கில்தான் போகும். டேப் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நாளைக்குப் பால் வாங்க இறங்கும்போது பார்க்க வேண்டும்.