வெங்காயம் பொறுக்குகிறவனும் மதுரைக் கடைகளும்

சாம்பாரில் கிடக்கும் வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் வைப்பவன் நான். கொழகொழவென்று எது இருந்தாலும் தொட மாட்டேன் (வெண்டைக்காய்க்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்லை). என்னை நம்பிக் கடை கடையாகக் கூட்டிப்போகிற ஒரே ஆள் என் கல்லூரித் தோழன்.

சனிக்கிழமை ராத்திரி சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் கறி தோசை சொன்னான். உள்ளே என்ன போகிறது என்று தெரிய வேண்டுமே, எழுந்து கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கனமாக ஊற்றிய மாவு, மேலே அடித்த முட்டை, அதற்கும் மேலே மசாலாவில் வெந்த கொத்துக்கறி. மாஸ்டர் அப்படியே திருப்பிப் போட்டு அழுத்தினார். கறி ஓரமெல்லாம் முறுகிக் கறுத்தது. வெங்காயம் இருந்திருக்கும், கண்ணில் படவில்லை, அது போதும்.

"என்னடா, தட்டு ஓரத்துல ஒண்ணையும் காணோம்?"

ஜிகர்தண்டாவில்தான் மாட்டினேன். சுண்டிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் வரைக்கும் சரி. அடியில் கிடந்த பாதாம் பிசின் நாக்கில் வழுக்கியதும் முகம் கோணிவிட்டது.

"அண்ணே, பிசின் இல்லாம ஒண்ணு கிடைக்குமா?"

"அதுக்குப் பேரு ஜிகர்தண்டா இல்ல தம்பி."

என் டம்ளரையும் அவனே குடித்தான்.