பூச்சிய நிறை

2023 ஜூன் மாத இறுதியில் இலங்கையின் வங்கிகள் தொடர்ச்சியாக ஐந்து நாட்கள் மூடியிருந்தன. 29ஆம் திகதி ஹஜ்ஜுப் பெருநாள், 30ஆம் திகதி அரசாங்கம் அறிவித்த விசேட வங்கி விடுமுறை, பிறகு சனியும் ஞாயிறும், ஜூலை 3ஆம் திகதி எசல பௌர்ணமி. அந்த இடைவெளிக்குள், அரசாங்கம் உள்நாட்டில் வாங்கிய கடனின் வட்டியையும் தவணையையும் மாற்றியமைக்கும் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றுவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் மேல் தளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக வசிக்கிறார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ‘ரீச்சர்’தான். 29ஆம் திகதி காலை அவர் எங்கள் வீட்டு மணியை அழுத்தியபோது, அவருடைய கையில் பொலித்தீன் உறைக்குள் நான்காக மடித்த நிலையான வைப்புச் சான்றிதழ் இருந்தது.

“தம்பி, செவ்வாய்க்கிழமை வங்கி திறக்கேக்க என்ர காசு இருக்குமோ?”

நான் வங்கியொன்றின் இடர்நேர்வு முகாமைத்துவப் பிரிவில், அதாவது வங்கிக்கு வரக்கூடிய ஆபத்துக்களைக் கணிக்கும் பிரிவில், பணியாற்றுபவன் என்பது அவருக்குத் தெரியும். இருக்கும் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். அவருடைய வங்கியின் மூலதனப் போதுமை விகிதம் குறைந்தபட்ச அளவுக்கு மேலே இருக்கிறது என்று, நாங்கள் அலுவலகத்தில் பேசும் மொழியிலேயே பதில் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்ப அந்த மூலதனத்தை எந்தப் பெட்டகத்தில வைச்சிருக்கிறாங்கள்?” என்று கேட்டார். இந்தத் துறையைப் பற்றி மக்களிடையே உள்ள மிகப் பெரிய தவறான விளக்கம் அந்த ஒற்றைக் கேள்விக்குள் முழுவதுமாக இருந்தது. அதற்கு நாங்கள்தான் பொறுப்பு என்றும் அப்போது தோன்றியது. ஏனென்றால் ‘மூலதனத்தை வைத்திருத்தல்’ என்று வங்கியாளர்களாகிய நாங்களே எழுதியும் பேசியும் வருகிறோம்.

மூலதனம் எந்தப் பெட்டகத்திலும் இல்லை. புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர் ஒருவர் கைமுதல் 8 இலட்சத்தோடு 92 இலட்சம் கடன் வாங்கி ஒரு கோடி ரூபாய்க்குச் சரக்குப் போடுகிறார் என்றால், அந்த 8 இலட்சமும் மூட்டைகளாகத்தான் அடுக்கப்பட்டிருக்கும். சரக்கில் 5 இலட்சம் பழுதானால் கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு சதமும் குறையாது, கைமுதல் கரையும். 10 இலட்சம் பழுதானால் முதலும் போய், கடன் கொடுத்தவர்களின் பணத்திலும் 2 இலட்சம் போய்விடும். வங்கியில் அந்தக் கைமுதல் பங்குதாரர்களுடையது. கடன் கொடுத்தவர்கள் ரீச்சரைப் போன்ற வைப்பாளர்கள். நட்டம் வரும்போது யாருடைய பணம் முதலில் கரையும் என்ற வரிசையைத்தான் மூலதனம் என்ற சொல் குறிக்கிறது.

அந்தக் கைமுதல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குச் சர்வதேச விதிகள் உள்ளன. 1974இல் ஜேர்மனியின் கொலோன் நகரில் ஹேர்ஸ்டாட் வங்கி வீழ்ந்த பிறகு உருவான, வங்கி மேற்பார்வையாளர்களின் சர்வதேசக் குழுவான பேசல் குழு, 1988இல் 8 சதவீதம் என்ற முதல் எல்லையை வகுத்தது. இலங்கை மத்திய வங்கி மூன்றாவது பேசல் விதிகளை 2017 ஜூலை முதல் படிப்படியாக அமுல்படுத்தி, 2019 ஜனவரியில் மொத்த மூலதன விகிதத்தின் குறைந்தபட்ச அளவை 12.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. பெரிய வங்கிகளுக்கு அதற்கு மேலும் ஒரு மேலதிகச் சுமை உண்டு. 12.5இல் 2.5 சதவீதம் நெருக்கடி வரும்போது பயன்படுத்துவதற்கான காப்பு. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று வந்தபோது அந்தக் காப்பில் ஒரு பகுதியைப் பயன்படுத்திக்கொள்ள மத்திய வங்கி அனுமதித்தது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். மழைக்காலத்தில் விரிக்கக் கூடாத குடையை வாங்கி வைப்பதில் பயனில்லை.

ஆனால் 12.5 சதவீதம் என்றால் எதில் 12.5 சதவீதம்? மொத்தச் சொத்தில் அல்ல. இடர்நேர்வு நிறையேற்றப்பட்ட சொத்துக்களில். ஒவ்வொரு சொத்துக்கும் அதன் ஆபத்துக்கு ஏற்ப ஒரு நிறை உண்டு. தரமிடப்படாத ஒரு கம்பனிக்குக் கொடுத்த 100 ரூபாய் 100 ரூபாயாகவே கணக்கில் வரும். இலங்கை அரசாங்கம் ரூபாயில் கடன் வாங்க வெளியிடும் பத்திரங்களில், அதாவது குறுகிய காலத் திறைசேரி உண்டியலிலோ நீண்ட கால முறியிலோ, இட்ட 100 ரூபாய் பூச்சியமாக வரும். தன் சொந்த நாணயத்தில் வாங்கிய கடனை ஓர் அரசாங்கம் எப்படியும் திருப்பிக் கொடுத்துவிடும், வேண்டுமானால் அச்சடித்தாவது கொடுத்துவிடும் என்பதே இதன் பின்னுள்ள எண்ணம்.

ரீச்சருக்கு அன்று ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கற்பனை வங்கியிடம் 1000 ரூபாய் சொத்து இருக்கிறது. அதில் 500 ரூபாய் வியாபாரிகளுக்குக் கொடுத்த கடன், நிறை 100 சதவீதம். 100 ரூபாய் வேறு சொத்துக்கள், நிறை 50 சதவீதம் என்று வைப்போம். மீதி 400 ரூபாய் திறைசேரி முறிகள், நிறை பூச்சியம். ஆக, நிறையேற்றப்பட்ட சொத்து 550 ரூபாய். மூலதனம் 80 ரூபாய். விகிதம் 14.5 சதவீதம், சட்டப்படி நல்ல ஆரோக்கியமான வங்கி. வியாபாரிகளின் கடனில் 30 ரூபாய் அறவே திரும்பாமல் போனால் மூலதனம் 50 ரூபாயாகவும் விகிதம் 9.6 சதவீதமாகவும் குறையும். அது மோசம்தான், ஆனால் வங்கி உயிரோடு இருக்கும். இப்போது வியாபாரிகள் எல்லோரும் ஒழுங்காகக் கட்டுகிறார்கள், அரசாங்கம் மட்டும் தன் முறிகளின் பெறுமதியில் 15 சதவீதத்தை வெட்டுகிறது என்று வையுங்கள். 400இல் 60 ரூபாய் போய்விடும். மூலதனத்தில் எஞ்சுவது 20 ரூபாய், விகிதம் 3.6 சதவீதம். ஆபத்தே இல்லை என்று பூச்சியம் போட்ட பெட்டியிலிருந்துதான் அழிவு வருகிறது.

ரீச்சர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கணித ஆசிரியை அல்லவா, 60ஐ 400ஆல் தாமே ஒருமுறை வகுத்துப் பார்த்துக்கொண்டார்.

அந்த ஐந்து நாட்களில் அறிவிக்கப்பட்ட திட்டத்தில், வங்கிகள் வைத்திருந்த ரூபாய்த் திறைசேரி முறிகள் மறுசீரமைப்பிலிருந்து விலக்கப்பட்டதன் காரணம் இந்தக் கணக்குத்தான். வங்கிகள் அதற்கு முன்னரே அடிபட்டிருந்தன. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தலை அரசாங்கம் இடைநிறுத்தியதோடு, அவை வைத்திருந்த அரசாங்க டொலர் முறிகளுக்குப் பெரிய அளவில் நட்ட ஒதுக்கீடு செய்ய, அதாவது வரக்கூடிய நட்டத்தை முன்கூட்டியே கணக்கில் கழித்து வைக்க, நேர்ந்தது. அதற்கு மேலே ரூபாய் முறிகளிலும் வெட்டு விழுந்திருந்தால் மூலதனம் தாங்கியிருக்காது. ஆகவே சுமை ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதியங்களின் பக்கம் சென்றது. அவற்றின் முறிகள் 12 சதவீதத்தில் தொடங்கிப் பின்னர் 9 சதவீதமாகக் குறையும் வட்டியுள்ள புதிய முறிகளாக மாற்றப்பட்டன. வங்கிகளைக் காத்தது தவிர்க்க முடியாதது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் நட்டம் எங்கும் மறைந்துவிடவில்லை. வங்கிப் பங்குதாரரின் மூலதனம் தாங்கியிருக்க வேண்டிய ஒரு பகுதியைத் தோட்டத் தொழிலாளரும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் தாங்கினார்கள் என்பதை எங்கள் துறையில் இருப்பவர்கள் உரக்கச் சொல்ல வேண்டும்.

வெட்டு விழாமலேயே பூச்சிய நிறைச் சொத்து காயப்படுத்தும் இன்னொரு வழியும் உண்டு. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த ஆண்டிலேயே திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. 10 சதவீத வட்டியில் வாங்கிய ஐந்தாண்டு முறியொன்றை, சந்தை 30 சதவீதம் கேட்கும் நாளில் விற்கப் போனால் 100 ரூபாய்க்கு ஏறத்தாழ 51 ரூபாய்தான் கிடைக்கும். முதிர்வு வரை வைத்திருந்தால் அரசாங்கம் முழுப் பணத்தையும் கொடுக்கும். கணக்குப் புத்தகத்திலும் நட்டம் தெரியாது. ஆனால் வைப்பாளர் காத்திருக்க வேண்டுமே. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கி உடைந்தது இப்படித்தான். அதன் கையில் இருந்தவற்றில் பெரும்பகுதி அமெரிக்க அரசின் முறிகளும் அரசு சார்ந்த அடைமான முறிகளுமே. அவற்றில் ஒரு தொகுதியை நட்டத்துக்கு விற்றதாக அறிவித்த மறுநாளே வைப்பாளர்கள் 42 பில்லியன் டொலரை எடுக்க முயன்றார்கள்.

வியாபாரிகளின் கதையையும் சொல்ல வேண்டும்; 100 சதவீத நிறை போட்டவர்களை நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்பதில் எனக்கு ஒரு குற்ற உணர்வு இருக்கிறது. 2022 ஜூன் மாதத்தில் நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பு இறக்குமதி செய்யும் ஒருவரின் கடைக்குக் கடன் பரிசீலனைக்காகச் சென்றிருந்தேன். வழக்கமாக நாட்டாமிமார் மூட்டையோடு ஓடித் திரியும் அந்தத் தெருவில் இரண்டு வண்டில்கள் சும்மா நின்றன. அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் எல்சியின், அதாவது இறக்குமதிக்கான பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் நாணயக் கடிதத்தின், பிரதியை எடுத்து வைத்தார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு இலட்சம் டொலருக்குத் திறந்தது, 120 நாள் தவணை. திறந்த நாளில் டொலர் 203 ரூபாய். அவருடைய கணக்கில் அது 2 கோடி 3 இலட்சம். அந்த விலையை வைத்தே பருப்பைச் சில்லறைக் கடைகளுக்குக் கடனுக்குக் கொடுத்துவிட்டார். தவணை முடிந்த மே மாதத்தில் டொலர் 360 ரூபாய். கட்ட வேண்டியது 3 கோடி 60 இலட்சம். வித்தியாசமான ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட தொகை எங்கிருந்து வரும்? முப்பது வருடமாக ஒரு தவணையும் தவறாதவர், “நான் என்ன பிழை செய்தேன் எண்டு சொல்லுங்கோ” என்று கேட்டார்.

அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. பிழை நாங்கள் ஆபத்தைக் கணிக்கும் மாதிரியில் இருந்தது. கடன் இடர்நேர்வுக்கு ஒரு பிரிவும் நாணயமாற்று இடர்நேர்வுக்கு இன்னொரு பிரிவும் என்று பிரித்து வைத்து, வங்கிக்கு வர வேண்டிய டொலரும் அது கொடுக்க வேண்டிய டொலரும் சமமாக இருப்பதால் நாணயமாற்று ஆபத்து இல்லை என்று மாதாமாதம் அறிக்கை எழுதினோம். அந்த ஆபத்து வாடிக்கையாளரின் தோளில் ஏற்றி அனுப்பப்பட்டிருந்தது. ரூபாய் சரிந்ததும் கடன் இழப்பு என்ற வேறு பெயரில் எங்களிடமே திரும்பி வந்தது. 2023இல் நாட்டின் வங்கித் துறையில் மூன்றாம் கட்டக் கடன்கள், அதாவது மீள வருவது சந்தேகம் என்று வகைப்படுத்தப்பட்டவை, மொத்தக் கடனில் 12 சதவீதத்தைத் தாண்டின. அந்த 12 சதவீதத்துக்குள் இந்தப் பருப்பு வியாபாரியைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ரீச்சரின் பணம் அந்தச் செவ்வாய்க்கிழமை இருந்தது, இன்றும் இருக்கிறது. அவருடைய வைப்பு முழுவதும் ஒரே வங்கியில் இருந்தது. வைப்புக் காப்புறுதி ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரைதான் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. தவணை முடிந்ததும் தொகையை மூன்றாகப் பிரித்து மூன்று வங்கிகளில் இட்டார்.

இப்போது காலாண்டுக் கணக்குகள் பத்திரிகையில் வரும் நாட்களில் அவர் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு கீழே வருகிறார். மொத்த மூலதன விகிதத்தோடு நிறுத்திவிட வேண்டாம், அதற்குக் கீழே உள்ள, மூலதனத்தை மொத்தச் சொத்தோடு ஒப்பிடும் நெம்புகோல் விகிதத்தையும் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதில் நிறை எதுவும் இல்லை. திறைசேரி முறியும் பருப்பு வியாபாரியின் கடனும் ஒரே மாதிரி முழுத்தொகையாகவே எண்ணப்படும். என் கற்பனை வங்கியில் ஒரு விகிதம் 14.5 என்றால் மற்றது 8. இரண்டுக்கும் இடையில் இடைவெளி பெரிதாக இருந்தால், அந்த வங்கி பூச்சிய நிறையில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அடுத்து மூன்றாம் கட்டக் கடன் விகிதமும், அதில் எவ்வளவுக்கு ஒதுக்கீடு செய்திருக்கிறார்கள் என்ற வரியும். இந்த நான்கும் ஒரே அட்டவணையில், பெரும்பாலும் பக்கத்தின் ஒரு மூலையில், சிறிய எழுத்தில் இருக்கும்.

அரசாங்கத்தின் ரூபாய் முறிகளுக்கு ஒழுங்குவிதியில் நிறை பூச்சியம்தான். அதை மாற்றுவது என் கையில் இல்லை. ஒரே இரவில் மாற்றினால் வங்கிகள் தாங்காது என்பதும் உண்மை. ஆனால் நெருக்கடி வந்தால் வங்கி தாங்குமா என்று எங்கள் பிரிவு ஒவ்வொரு காலாண்டும் நடத்தும் நெருக்கடிச் சோதனையில் இப்போது இரண்டு வரிகள் கூடியிருக்கின்றன. ஒன்றில் முறிகளின் பெறுமதியில் 15 சதவீதத்தை வெட்டிப் பார்க்கிறோம். மற்றதில், டொலரில் தவணை வைத்திருக்கும் ஒவ்வொரு இறக்குமதியாளரின் கணக்கையும் எடுத்து, டொலர் 203இலிருந்து 360க்கு ஏறிய அதே விகிதத்தில் இன்றைய விலையையும் ஏற்றி, அவரால் கட்ட முடியுமா என்று பார்க்கிறோம்.