கட்-ஆஃப் 177

ஜூலை 14
இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் கட்-ஆஃப் கணக்கு. கணிதம் 92. இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கினால் 42, 43. எப்படிக் கூட்டினாலும் 177தான் வருகிறது.

ஜூலை 15
அப்பா இன்றும் எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 17
அப்பாவின் பட்டறையில் ஒரு டாரஸ் லாரி, புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ். 6 வண்டி. கொல்லிமலை அடிவாரத்திலேயே மூச்சு வாங்குகிறதாம், இழுக்கவே மாட்டேன் என்கிறதாம். சர்வீஸ் சென்டரிலிருந்து லேப்டாப்போடு ஒரு அண்ணன் வந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூப்பு இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகிப் பார்த்துவிட்டு, "நாக்ஸ் சென்சார் போயிருக்குதுங்க" என்றார். புகையில் நைட்ரஜன் ஆக்சைடு அளவு சரியில்லை என்று தெரிந்தால் கம்ப்யூட்டரே இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடுமாம். புகையைச் சுத்தப்படுத்தும் திரவம் ஊற்றுகிற ஆட்புளூ டேங்கில் தண்ணீர் ஊற்றினீர்களா என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் வானத்தைப் பார்த்தார்.

சத்தத்தைக் கேட்டே எந்த இன்ஜெக்டர் என்று சொல்லிவிடும் அப்பா, கையில் வேஸ்ட் துணியோடு ஓரமாக நின்றார்.

எனக்கு ஆட்டோமொபைல்தான்.

ஜூலை 18
"மெக்கானிக்கல் எடு, ஆட்டோமொபைல் கம்பெனிக்கும் போகலாம், வேற எங்கேயும் போகலாம்" என்கிறார் சார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேலை விளம்பரங்களில் முதலில் நிற்பது மெக்கானிக்கல்தான். ஆனால் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் வருடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் ஆட்டோமொபைலில் சேஸிஸ், வண்டியின் எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் என்று போகிறது. மெக்கானிக்கலில் அதெல்லாம் விருப்பப் பாடமாக வந்தால் உண்டு. எலெக்ட்ரிக் வண்டி வந்தால் இன்ஜின் படித்தவன் என்ன செய்வான் என்று சார் கேட்டார். பிரேக்கும் சஸ்பென்ஷனும் அப்போதும் வேண்டாமா? கேட்க வாய் வரவில்லை.

ஜூலை 19
சித்தப்பா வேறு கணக்கு போடுகிறார். பிளஸ் டூ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், பட்டறை அனுபவமும் ஹெவி லைசென்சும் வாங்கிவிட்டால் மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்வு எழுதலாம், பி.இ. வேண்டுமென்றால் டிப்ளமோவோடு நேராக இரண்டாம் வருடம் சேர லேட்டரல் என்ட்ரி இருக்கிறது. மறுக்க முடியாத கணக்கு. அதனாலேயே எரிச்சல்.

ஜூலை 20
177.

ஜூலை 21
சாய்ஸ் லிஸ்டில் முதலிடம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆட்டோமொபைல். 1949-இல் கல்லூரி தொடங்கியபோதே அங்கே இருந்த படிப்பு. கிடைக்காது. மேலே போட்டால் கீழே உள்ளது பறிபோகாது என்பதால் போட்டேன். அடுத்தது கோவை பி.எஸ்.ஜி. ஆட்டோமொபைல், அதுவும் ஆசைக்குத்தான். மூன்றாவது இடத்தில் மெக்கானிக்கலை ஏற்றுவதும் இறக்குவதுமாக ராத்திரி போயிற்று.

அம்மா காபி வைத்துவிட்டு, "எந்த ஊருன்னாலும் பஸ்ஸு இருக்குமா சாமி?" என்றார்.

ஜூலை 22
லாக் செய்துவிட்டேன். மூன்றாவது, ஆட்டோமொபைல்.

அப்பாவிடம் சொன்னேன். "லேப்டாப்பு அவங்களே குடுப்பாங்களா, நாம வாங்கோணுமா?"

ஜூலை 24
தற்காலிக ஒதுக்கீடு வந்துவிட்டது. ஆறாவது சாய்ஸ். மெக்கானிக்கல், ஈரோடு பக்கம். ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம், இதிலேயே சேர்ந்துவிடலாம். நாளை மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். சித்தப்பா போன் செய்துகொண்டே இருக்கிறார். எடுக்கவில்லை.