ஒரு மணி நேரத்தில் கொல்லிமலை ஏற முடியுமா?

சித்தப்பா மகன் புதிதாக ஒரு டாடா ஏஸ் வாங்கியிருக்கிறான். கொல்லிமலையில் மிளகும் வாழைத்தாரும் ஏற்றி நாமக்கல்லில் இறக்குவதுதான் திட்டம். "அண்ணா, நீதான் மேப்லாம் போடுவியே, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஒரு மணி நேரத்துல எதுவரைக்கும் போகலாம்னு போட்டுக் குடு" என்றான். அரை மணி நேர வேலைதானே என்று சரி சொல்லிவிட்டேன்.

ஊரைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுப்பதெல்லாம் மலைக்கு உதவாது. மேலே அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் மலைக்கு அந்தப் பக்கம் அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலைக்கும் நடுவே காக்கா பறந்தால் சில கிலோமீட்டர்தான், ஆனால் வண்டி என்றால் மலையையே சுற்றிக்கொண்டு வரவேண்டும். அதனால் சாலை வழியாகத்தான் கணக்கு. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் இதற்கு 'சர்வீஸ் ஏரியா' என்றே ஒரு கருவி இருக்கிறது; ஓரிடத்திலிருந்து கொடுத்த நேரத்துக்குள் எட்டக்கூடிய சாலைகளை அது காட்டும். எல்லோரும் சேர்ந்து வரைகிற ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் சாலைகளை குவிக்ஓஎஸ்எம் பிளக்இன் வைத்து இறக்கி, தூரத்தை மீட்டரில் அளக்க யுடிஎம் என்ற வரைபட முறையின் 44-ஆம் மண்டலத்துக்கு மாற்றிக்கொண்டேன் (நாமக்கல் 78 பாகைக்குக் கொஞ்சம் கிழக்கே இருக்கிறது; கோயம்புத்தூர்க்காரர்கள் 43 போடுங்கள்). நடைபாதை, படிக்கட்டு எல்லாவற்றையும் அப்போதே நீக்கிவிடுங்கள். வேகம் குறிக்காத எந்தக் கோட்டுக்கும் கருவி தானாக 50 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளும், விட்டுவைத்தால் ஆகாய கங்கைப் படிகளில் டாடா ஏஸ் 50-ல் இறங்கும்.

நேரத்துக்குள் எட்டுகிற சாலைக்குச் சிவப்பு நிறம் வைத்திருந்தேன். முதல் தடவை கருவியை ஓட்டியபோது இறக்கிய சாலை மொத்தமும் சிவப்பாகிவிட்டது. சாலை நெட்வொர்க்கில்தான் கோளாறு என்று ரொம்ப நேரம் தேடினேன். பார்த்தால், தூரத்துக்குப் பதில் நேரத்தை வைத்துக் கணக்கிடும் 'ஃபாஸ்டஸ்ட்' தேர்ந்தெடுத்தால் பயணச் செலவை மணிக்கணக்கில் கொடுக்க வேண்டுமாம், நான் நிமிஷம் என்று நினைத்து 60 போட்டிருக்கிறேன். 60 மணி நேரம் ஓட்டினால் காஷ்மீரே வந்துவிடும். 1 என்று மாற்றினேன்.

இப்போது படம் அழகாக வந்தது. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி, அப்படியே மலையேறி சோளக்காடு வரைக்கும் சிவப்பு. அவனுக்கு அனுப்பினேன். "ஹெலிகாப்டர்லயா அண்ணா போகச் சொல்ற?" என்று பதில் வந்தது.

காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவு. நான் சாலை வகையைப் பார்த்து வேகம் கொடுத்திருந்தேன், மலைப்பாதைக்கும் தரையில் நேராக ஓடுகிற சாலைக்கும் ஒரே எண். கணினிக்கு அது வெறும் கோடு, நீளத்தை வேகத்தால் வகுத்தால் நேரம், அவ்வளவுதான். காரவள்ளியில் கோட்டை வெட்டி, மேலே போகிற துண்டுக்கு மட்டும் 20 கொடுத்துத் திரும்ப ஓட்டினேன். ஒரு மணி நேரச் சிவப்பு பாதி வளைவுகளிலேயே நின்றுவிட்டது. சோளக்காடு எங்கோ மேலே இருக்கிறது!

இன்னொன்று, இந்தக் கருவி கொடுப்பது கோடுகளை, பரப்பை அல்ல. எல்லோரும் கேட்கிற மாதிரி நிறம் நிரப்பிய பரப்பு வேண்டுமானால், கோடுகளைச் சுற்றி ஒட்டினாற்போல் எல்லை வரைகிற 'கான்கேவ் ஹல்' போடலாம், க்யூநீட்3 பிளக்இன்னிலும் அதற்கு வழி இருக்கிறது. நானும் போட்டுப் பார்த்தேன், வளைவுகளுக்கு நடுவே சாலையே இல்லாத காட்டுச் சரிவெல்லாம் நிறமாகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. 1881-ல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் லண்டனிலிருந்து உலகம் முழுக்க எத்தனை நாள் பயணம் என்று இப்படித்தான் நிறம் தீட்டினார், அங்கே கணக்கே பத்துப் பத்து நாளாக இருந்ததால் சரி. டாடா ஏஸுக்குக் கோடே போதும்.

மலைக்குப் போகும் இன்னொரு பாதையான, செங்கரைப் பக்கம் போகிற முள்ளுக்குறிச்சி வழியையும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குப் புதுப் படம் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு ஃபோன் பண்ணினான். "ஏறுறது சரிண்ணா. லோடோட இறங்கும்போது பிரேக் சூடாகும், இன்னும் மெதுவாத்தான் வருவேன். முன்னாடி பஸ் மாட்டிச்சுன்னா அதை எதுல போடுவ?"

இறங்குவதற்கு வேறு வேகம் கொடுத்துத் தனியாக ஓட்டிவிடலாம். பஸ்ஸுக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை.