பிணைச்சலில் படிந்த பழைய பெயின்ற்

திருகோணமலைக் கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பித்தளைப் பிணைச்சலும் கொண்டியும் நாலைந்து பூச்சுப் பெயின்றுக்குள் புதைந்து கிடக்கும். சுரண்டத் தொடங்கவேண்டாம், பித்தளை கீறுப்படும்.

முதலில் திருகாணித் தலையின் வெட்டுக்குள் இருக்கும் பெயின்றைக் கூரான கத்தியால் எடுங்கள். அதைச் செய்யாமல் திருகினால் தலை வழுகிப் பிறகு துளைத்துத்தான் எடுக்கவேண்டும். பிணைச்சலின் ஓரத்தையும் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் மரத்துப் பெயின்றும் சேர்ந்து உரியும்.

சமையலுக்கு இனி எடுக்காத எவர்சில்வர் சட்டியில், லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா போட்டு, கழற்றிய பிணைச்சலையும் கொண்டியையும் அதில் மூழ்கவையுங்கள். அலுமினியச் சட்டி கூடாது, சோடா அதை அரிக்கும். கொதிக்கவிடாமல் மெல்லிய நெருப்பில் ஒன்றிரண்டு மணித்தியாலம், வீட்டுக்கு வெளியே வைத்துச் சூடாக்குங்கள். சூட்டில் உலோகம் விரிய, பெயின்றின் பிடி விடும். ஆறமுன் நைலோன் பிரஸ்ஸால் தேய்த்தால் தோலாக உரியும்.

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு: உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள், உப்புக்காற்றுக்குத் துரு கண்முன்னே ஏறும். பித்தளைக்குத் திரும்பப் பித்தளைத் திருகாணியே போடுங்கள். இரும்பு போட்டால் அதுதான் முதலில் அரிபடும்.

பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். கதவை ஈரமாக்கியே தேயுங்கள், தீயால் சுடவேண்டாம்.