சான்டா ஃபே 2-10-10-2: முன்பாதி மூணாவது தடவையா தடம் பொரண்ட கதை

நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு நான் பண்ணிக்கிட்டு இருக்கற மாடல் நீராவி இன்ஜினோட முன்பாதி மறுபடி தடம் பொரண்டுச்சு. அதே 24 இன்ச் ஆரம் உள்ள வளைவு, அதே தண்டவாள ஜாயின்ட் தாண்டி ஒரு சாண் தூரம், அதே மொத டிரைவர் வீல் (இன்ஜின இழுக்கற பெரிய சக்கரம்). ரெண்டு மாசமா இதோடயே மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். ஆனா இந்த தடவ எதனாலன்னு கண்டுபிடிச்சிட்டேன், அந்த சந்தோஷத்துல தூக்கம் வரல, அதான் இப்பவே எழுதறேன்.

நான் ஹெச்ஓ ஸ்கேல்ல (நெசத்துல 87ல ஒரு பங்கு) பண்றது அமெரிக்காவோட சான்டா ஃபே ரயில்வே 3000 கிளாஸ் இன்ஜின். 2-10-10-2ங்கறது சக்கரக் கணக்கு: முன்னாடி 2 சின்ன சக்கரம், அப்பறம் பத்து பத்தா ரெண்டு செட் டிரைவர் வீல், பின்னாடி 2 சின்ன சக்கரம். 1911ல அவங்க டோபீகா ஒர்க்‌ஷாப்ல, ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருந்த 2-10-2 இன்ஜின்களுக்கு முன்னாடி இன்னொரு பத்து சக்கர செட்ட சேத்து பண்ணின மாலே காம்பவுண்ட், அதாவது ஒரே பாய்லருக்குக் கீழ ரெண்டு சக்கர செட், பின்னாடி சிலிண்டர்ல வேலை செஞ்ச நீராவியே முன்னாடி சிலிண்டருக்கும் போகும். மொத்தம் பத்து. அந்த நேரத்துல உலகத்துலயே பெரிய லோகோ. ரயில்வே பழைய 2-10-2வ வச்சு செஞ்ச மாதிரி, நாமளும் ரெண்டு 2-10-2 மாடல ஒட்டி ஒண்ணு ஆக்கணும்னு தோணுச்சு. ரெண்டு மெக்கானிசமும் செகண்ட் ஹேண்ட், மாடல் ரயில் சந்தையில ஒரு பெரியவர்கிட்ட வாங்கினது. ஒண்ணுல கியர் வெடிச்சிருந்துச்சு, இன்னொண்ணு தங்கம்.

சிலிண்டர் வேலை சுலபமா முடிஞ்சிடுச்சு. பின்னாடி ஹை பிரஷர் 28 இன்ச், முன்னாடி லோ பிரஷர் 38 இன்ச், நம்ம ஸ்கேல்ல 8.2 மில்லியும் 11.1 மில்லியும். முன்னாடிது ரெசின் பிரிண்ட், ரெண்டாவது பிரிண்ட்லயே சரியா வந்துச்சு. வேலை வாங்கறதெல்லாம் நடுவுல இருக்கற கீல் தான்.

கடையில விக்கற மாடல்கள்ல நெறைய பேர் ரெண்டு பாதியையும் போகி மாதிரி திரும்ப விட்டுடுவாங்க, வளைவுல வழுக்கிக்கிட்டு போகும். எனக்கு அது வேணாம். மாலேன்னா பின்பாதி பாய்லரோட இறுக்கமா இருக்கணும், முன்பாதி மட்டும் அதோட பின்முனையில ஒரு பின்னுல (கீல் ஆணி) மாட்டி ஆடணும், பாய்லரோட மூக்கு அதுமேல சும்மா உக்காந்து பக்கவாட்டுல வழுக்கணும். இதுல விட்டுக்கொடுத்தா அப்பறம் மாலே எதுக்கு பண்ணணும்?

மொத தடவ பின்ன முன்பாதியோட நட்ட நடுவுல வச்சேன். அது தப்பு, பாய்லர் பின்பாதி பாக்கற திசையில நேரா போகணும்னு இழுக்குது, முன்பாதி வளைவோட திரும்பணும்னு இழுக்குது, நடுவுல பின் மாட்டிக்கிட்டு சக்கரத்த வெளித் தண்டவாளம் மேல ஏத்திடுது. ரெண்டாவது தடவ பின்ன பின்னால கொண்டுபோய் உண்மையான இடத்துல வச்சிட்டு, பாய்லர் தாங்கிக்கு ரெண்டு பக்கமும் 4 மில்லி வழுக்க இடம் விட்டேன். பத்தல. அப்பறம் தான் கணக்கு போட்டேன், ஆரம்பத்துலயே போட்டிருக்கணும். ரெண்டு பாதியோட நடுவுக்கு நடு 105 மில்லி, வளைவு ஆரம் 610 மில்லி, அப்ப பாய்லர் அந்த எடத்துல 9 மில்லி வெளிய தள்ளும். ஸ்மோக்பாக்ஸ் (பாய்லரோட முன்முனை) மூக்குல பென்சில் ஒட்டி பிளைவுட் மேல கையால தள்ளிக்கிட்டே போய் கோடு போட்டுப் பாத்தேன், மூக்கு தடத்தோட நடுவுல இருந்து 21 மில்லி வெளிய போச்சு!

சரின்னு பித்தளைத் தகட்டுல 10 மில்லிக்கு வழி விட்டு அரம் போட்டு, சால்டர் பண்ணி, ஃப்ளக்ஸ கழுவி எல்லாம் பண்ணினேன். நேத்து ராத்திரி அதுவும் பொரண்டுச்சு. கண்ண தண்டவாள மட்டத்துல வச்சிக்கிட்டு இன்ஜின மெதுவா ஊர்ந்து போக விட்டுப் பாத்தப்ப தான் தெரிஞ்சுது, வெளி சக்கரம் ஏறல, உள்பக்க சக்கரம் தூக்குது! ஒரு பேப்பர் கீழ போற அளவுக்கு. கேஜ்ல (ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள அகலம்) பாதி 8.25 மில்லி, பாய்லரோட பாரம் உக்காற எடம் 9 மில்லி. அதாவது மொத்த பாரமும் தண்டவாளத்துக்கு வெளிய போய் விழுது, முன்பாதி சாயாம என்ன பண்ணும். ரெண்டு மாசம் நான் சக்கரத்தோட ஃபிளேஞ்ச (தடத்துல பிடிச்சு வைக்கற விளிம்பு) சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

அதனால இப்ப முடிவு என்னன்னா, பாய்லர் முன்பக்கத்துல இருந்த வெயிட்ட முழுசா எடுத்துடறேன், முன்பாதியோட ஃபிரேம்லயே சிலிண்டர்களுக்கு நடுவுல ஈயம் வைக்கறேன். ஈயம் மாடல் கடையில ஏன் அந்த வெல விக்கறாங்கன்னு புரியல, மீன்பிடி சாமான் கடையில தட்டையான ஈயக் குண்டு கால்வாசி வெலைக்கு கெடைக்குது, சுத்தியல்ல ரெண்டு தட்டு தட்டினா வேணுங்கற மாதிரி வரும், கையுறை போட்டுக்கோங்க. 36 இன்ச் வளைவுல தள்ளல் 6 மில்லி தான், அங்க பிரச்சினையே இருக்காது.

உண்மையான இன்ஜின்லயும் பாய்லர்தான் காலை வாரிச்சு, ஆனா வேற மாதிரி. பாக்க நீளமா இருக்கற அந்த பாய்லர்ல முன்பக்கம் பெரும்பாலும் ஃபீட்வாட்டர் ஹீட்டரும் (பாய்லருக்குப் போற தண்ணிய முன்கூட்டியே சூடாக்கறது) ரீஹீட்டரும் (நீராவிய மறுபடி சூடாக்கறது) தான், நீராவி ஆக்கறது பின்பக்கம் மட்டும். இருபது டிரைவர் வீலுக்கு அது பத்தல. 1915ல இருந்து 1918க்குள்ள பத்தையும் பிரிச்சு இருபது 2-10-2 ஆக்கிட்டாங்க, அதனால இன்னைக்கு ஒண்ணு கூட கெடையாது, ஃபோட்டோவ வச்சிதான் எல்லாம். இதே சக்கர அமைப்ப 1918ல வர்ஜீனியன் ரயில்வே நல்ல பெரிய பாய்லரோட பத்து வாங்கி வெற்றிகரமா ஓட்டினாங்க, லோ பிரஷர் சிலிண்டர் மட்டும் 48 இன்ச், யோசிச்சுப் பாருங்க. டிசைன் மேல தப்பு இல்லன்னு நான் சொல்றதுக்கு அதுதான் ஆதாரம்.

டெண்டர் (இன்ஜினுக்குப் பின்னாடி எரிபொருளும் தண்ணியும் வர்ற வண்டி) இன்னும் தொடல. ஆமை ஓடு மாதிரி வளைஞ்ச டெண்டர், 0.3 மில்லி தகட்ட உருட்டணும், ரோலர் இல்ல, பிவிசி பைப்ல சுத்திப் பாக்கணும். அதுக்குள்ள மனசு அடுத்ததுக்கு ஓடுது, பாய்லர் நடுவுலயே மடங்கற மாதிரி சான்டா ஃபே கொஞ்சம் 2-6-6-2 பண்ணினாங்க இல்லையா, ஸ்டீல் வளையங்கள அடுக்கி ஆர்மோனியத் துருத்தி மாதிரி. அதுல பாய்லர் வெளிய தள்ளற தொல்லையே வராது. ரப்பர் துருத்தி எங்க கெடைக்கும்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, உள்விட்டம் 22 மில்லி வேணும்.

யூனிவர்சல் ஜாயின்ட்டுக்கு (வளைஞ்சாலும் சுழற்சிய கடத்தற இணைப்பு) 2 மில்லி கம்பி வெள்ளிக்கிழம வருது. சனிக்கிழம ஈயத்தோட 24 இன்ச்ல ஓட்டிப் பாக்கறேன்.