தபால்தலையைக் கிழிக்காதீர்கள்

பெரியப்பா தமிழாசிரியர், நாலைந்து புத்தகம் எழுதியவர். அவருடைய காரியம் முடிந்த கையோடு பரணில் இருந்த இரண்டு டிரங்குப் பெட்டிகளை இறக்கினோம். புத்தகங்களை எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது, கடிதங்களை யாரும் சீண்டவில்லை. "பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடலாம்" என்றார் ஒரு சித்தப்பா.

எனக்கு உ.வே.சா. ஞாபகம்தான் வந்தது. கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு ஏடு தேடிப் போனவரிடம், பழைய ஏடுகளையெல்லாம் நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாகச் சொன்னார்களாம், ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார், படித்தால் வயிறு எரியும். அந்த மனிதர் தனக்கு வந்த கடிதங்களை விடாமல் சேர்த்து வைத்ததில் ஆச்சரியம் இல்லை. 1942இல் அவர் காலமானார், அடுத்த வருடமே ருக்மிணி தேவி முயற்சியில் அவர் பெயரில் நூலகம் தொடங்கியது, இன்று பெசன்ட் நகரில் இருப்பது அதுதான். 1877 முதல் 1900 வரை அவருக்கு வந்த கடிதங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்துத் தனிப் புத்தகமே வந்துவிட்டது. ஆனால் அவர் வாழ்ந்த திருவல்லிக்கேணி வீட்டை 2012இல் இடித்துவிட்டார்கள். வீடு போய்க் காகிதம் நின்றிருக்கிறது.

சரி, எங்கள் பெட்டிக்கு வருகிறேன். இராமபாணப் பூச்சி ஓரங்களை அரித்திருந்தது, குண்டூசிகள் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருந்தன. ஊசிகளை மெதுவாகக் கழற்றினேன், ஆனால் பெரியப்பா கட்டி வைத்திருந்த வரிசையைக் கலைக்கவில்லை, எந்தக் கடிதத்தோடு எதை வைத்தார் என்பதே ஒரு தகவல். அப்புறம் உறைகள்! நம் ஆட்கள் பாதிப் பேர் கடிதத்தில் தேதி போடுவதில்லை, உறை மேல் விழுந்த தபால் முத்திரைதான் காலத்தைச் சொல்லும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆல்பத்துக்காகத் தபால்தலையைக் கிழித்த இடத்திலெல்லாம் முத்திரையும் போய்விட்டது. அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவன், இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன்.

ஒரு கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பார்த்தேன். புத்தகம் என்றால் வாங்கிக்கொள்வோம், கடிதத்துக்கு என்ன எண் போடுவது என்றார்கள். கடிதத்துக்குக் கடிதம் எண் எதற்கு, கட்டுக்குக் கட்டு ஒரு பட்டியல் இருந்தால் போதும், ஆவணக் காப்பகங்களில் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பட்டியலை நானே எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் பெட்டியில் பதினோரு கட்டு முடிந்தது, பன்னிரண்டாவதைப் பிரித்தால் முழுக்கச் சித்தப்பா எழுதிய கடிதங்கள், அத்தனையும் பணம் கேட்டு.